ஆள்காட்டி கத்திய இடம்

பஸ் நிறுத்தத்தில் வினோத் நிற்பதை ஆக்னஸ் பார்த்தபோது அவளுக்கும் அவனுக்கும் நடுவில் மறைவு என்று எதுவும் இல்லை.

குத்தம்பாக்கத்திலிருந்து நெடுஞ்சாலைக்குப் போகும் குறுக்குவழியில் அவள் பாதி தூரம் வந்திருந்தாள். வயலாக இருந்து வீட்டுமனைகளாகப் பிரிக்கப்பட்ட நிலம். மஞ்சள் பெயிண்ட் அடித்த எல்லைக் கற்கள், பாதியில் நின்றுபோன மண் ரோடு, அங்கங்கே கொட்டிவைத்த ஜல்லி, ஓரமாகச் சில சீமைக் கருவேலம் புதர்கள், தூரத்தில் ஒரு காம்பவுண்டு சுவர். வீடு கட்ட இன்னும் யாரும் வரவில்லை. காலை வெயில் அதற்குள் தரையை வெளுத்துவிட்டிருந்தது.

வினோத் பைக்கில் சாய்ந்து நின்று சாலையில் போகும் ஷேர் ஆட்டோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அண்ணன் பிரதாப் ஜெயிலில் இருந்தான். கோவில்பதாகையில் ஸ்டவ் ரிப்பேர் கடை வைத்திருந்த ஹபிபுல்லாவை அவன் இரும்புக் கம்பியால் அடித்துக் கொன்றிருந்தான். கடை வாசலில் பைக்கை நிறுத்தாதே என்று அவர் சொன்னதற்காக. எதிரே மெடிக்கல் ஷாப்பில் ஆக்னஸ் மாத்திரைப் பட்டையை வெட்டிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் கடைத்தெருவில் நின்ற எல்லோரும் பிற்பாடு தாங்கள் எதையும் பார்க்கவில்லை என்று சொன்னார்கள். அவள் மட்டும் பார்த்தேன் என்றாள்.

இன்று பூந்தமல்லி கோர்ட்டில் அதைச் சொல்ல வேண்டும். இரண்டு வாய்தா தள்ளிப் போயிருந்தது. இந்த முறையும் அவள் வரவில்லை என்றால் அவள் சாட்சி இல்லாமலேயே வழக்கை முடித்துவிடுவார்கள், பிரதாப் வீட்டுக்கு வந்துவிடுவான் என்று அரசு வக்கீல் சொல்லியிருந்தார். அதுவரை யார் கண்ணிலும் படாமல் இருக்கட்டும் என்று அப்பா அவளை ரோஸி சித்தி வீட்டுக்கு அனுப்பிவைத்தார். திருமழிசையில் ஒரு பெண் போலீஸ் வந்து அவளோடு சேர்ந்துகொள்வதாக ஏற்பாடு. அதுவரை ஒரே ஒரு பஸ் பயணம்.

வினோத்துக்குப் பக்கத்தில் நின்றவன்தான் முதலில் இவள் பக்கம் திரும்பினான். யூஜின். கோவில்பதாகையில் அவளுக்கு அடுத்த தெரு. கோயில் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிப்பவன், அவளைவிட நாலைந்து வயது சின்னவன். அவனைப் பார்த்ததும் ஆக்னஸுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

ரோஸி சித்தி கல்யாணமாகி குத்தம்பாக்கம் வந்த பிறகும் கோவில்பதாகை அன்பியத்தின் வாட்ஸ்அப் குழுவை விட்டு விலகவில்லை. அன்பியம் என்றால் அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கும் கூட்டம். ஞாயிற்றுக்கிழமை சித்தி அதில் ஒரு ஜெபக் கருத்து போட்டிருந்தாள். ‘என் அக்கா மகள் ஆக்னஸ் செவ்வாய்க்கிழமை சாட்சி சொல்லப் போகிறாள். அவளுக்காக மன்றாடுங்கள்.’ சாட்சி என்றதும் எல்லோரும் தியானக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து ஆண்டவர் செய்த நன்மைகளைச் சொல்வதைத்தான் நினைத்துக்கொண்டார்கள். கைகூப்பிய பொம்மைகள் வரிசையாக வந்தன. ‘எந்தத் தியான இல்லத்தில்? நானும் வருகிறேன்’ என்று யூஜினின் அம்மா கேட்டிருந்தாள். சித்தி விளக்கமாகப் பதில் எழுதினாள். ‘பூந்தமல்லி கோர்ட்டில். என் வீட்டிலிருந்துதான் எட்டு மணி பஸ்ஸுக்குப் போகிறாள்.’

ஆக்னஸ் பதறிப்போய் அழிக்கச் சொன்னாள். சித்தி அழித்தாள். “நம்ம ஜனங்கதானேடி. ஜெபம் பண்றவங்க போய் யாருகிட்ட சொல்லப்போறாங்க?” என்றாள்.

வினோத் திரும்பினான். கத்தவில்லை, கையாட்டவில்லை. நிதானமாக ஒரு காலைத் தூக்கி பைக்கில் போட்டான். யூஜின் பின்னால் ஏறிக்கொண்டான்.

ஆக்னஸ் வந்த வழியே ஓடினாள். பைக் அவளைத் துரத்தவில்லை. மண் ரோட்டில் வளைந்து, அவளுக்கும் ஊருக்கும் நடுவில் போகப் பார்த்தது. அவள் திசை மாறி ஜல்லி மேட்டுப் பக்கம் ஓடினாள். கையில் இருந்த போன் நழுவியது. எடுக்க நிற்கவில்லை. ஜல்லி மேடு அவளை மறைத்த அந்தக் கணத்தில் கால் இடறியது. குழாய் பதிக்க வெட்டி மூடாமல் விட்ட பள்ளம், முழங்கால் ஆழம்தான் இருக்கும். விழுந்தவள் அப்படியே குப்புறப் படுத்துவிட்டாள்.

அப்போதுதான் தலைக்கு மேலே அது கத்தியது.

கூர்மையான, அவசரமான கத்தல். ஒன்று நிறுத்தியதும் இன்னொன்று தொடங்கியது. மஞ்சள் கால்களை நீட்டிக்கொண்டு, கறுப்பும் வெள்ளையுமான இறக்கையை அடித்துக்கொண்டு, இரண்டு பறவைகள் அவள் முதுகுக்கு நேர் மேலே சுற்றின. ஒன்று அவள் கூந்தலை உரசுகிற மாதிரி தாழ்ந்து போனது. கோவில்பதாகை ஏரிக்கரையில் சின்ன வயதில் இருந்து கேட்ட சத்தம். அதன் பெயர் நினைவுக்கு வந்ததும் அவள் முகத்தை மண்ணோடு இன்னும் அழுத்திக்கொண்டாள்.

பைக் நின்றது.

“எங்கடா போனா?” என்றது வினோத்தின் குரல்.

“தெர்ல. ஊருக்குள்ள ஓடிட்டிருப்பா.”

“ரோட்ட நான் பாத்துகினுதான வந்தேன். இங்கதான் எங்கியோ படுத்துகினு கீறா. இது இன்னா, அவ போனா?”

போன் அதே நேரத்தில் அடித்தது. அது சித்தியின் அழைப்பு என்பது ஆக்னஸுக்குத் தெரியும். பஸ் ஏறிவிட்டாயா என்று கேட்க.

“ஸ்தோத்திரம் ஆண்ட்டி,” என்றான் வினோத். குரல் அவ்வளவு பணிவாக இருந்தது. போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தான்.

“யாருப்பா நீ? ஆக்னஸ் எங்க?”

“நான் யூஜின் ஃப்ரெண்டு ஆண்ட்டி. ஆக்னஸு போனை ஸ்டாப்ல உட்டுட்டுப் போயிடுச்சி. குடுத்துரலாம்னு தேடிகினு கீறோம். இன்னா கலர் டிரெஸ்ல வந்துச்சி?”

“ஐயோ, அது எப்பவும் அப்படித்தான் மறதி. மண் கலர் சுடிதார் போட்டிருக்கும்ப்பா. ஆரஞ்சு துப்பட்டா. கோர்ட்டுக்குப் போறப்ப நல்லதா ஒண்ணு உடுத்துடின்னா கேட்கல. யூஜினும் இருக்கானா?”

“பக்கத்துலதான் கீறான்.”

“நல்லது சாமி. அது பயந்த பொண்ணு. கொஞ்சம் பத்திரமா பார்த்துக்கங்க.”

“பாத்துக்கறோம் ஆண்ட்டி,” என்றான் வினோத். போனை அணைத்தான். பிறகு யூஜினிடம், “மண்ணு கலர் சொக்கா. ஆரஞ்சு துப்பட்டா. கண்ணை நல்லா தொறந்து பாரு.”

துப்பட்டாவின் ஒரு முனை பள்ளத்துக்கு வெளியே கிடந்தது. ஆக்னஸ் விரல் விரலாக அதை இழுத்தாள். துணி ஜல்லியில் மாட்டி நின்றது, மறுபடி வந்தது. முழுவதையும் வயிற்றுக்கு அடியில் சேர்த்துக்கொண்ட பிறகுதான் மூச்சு விட்டாள். யார் கண்ணும் தன் மேல் நிற்க வேண்டாம் என்று தேடி எடுத்த மண் நிறம். இப்போது அதுதான் அவளுக்கு இருந்த ஒரே மறைப்பு. பறவைகளோ நிறுத்தவில்லை.

“மாமே, கத்துது பாரு. அது பேரு இன்னான்னு தெரியுமா உனக்கு?”

“தெரியாது,” என்றான் யூஜின்.

“கோயில்ல பொட்டி வாசிச்சிகினு இருந்தா இன்னா தெரியும். ஆள்காட்டிடா அது. ஏரில நாங்க கொக்கு புடிக்கப் போனா இந்தச் சனியன் கத்தி எல்லாத்தையும் கலைச்சி உட்டுரும். ஆளு எங்க கீதோ அங்கதான் கத்தும்.” பிறகு குரலை உயர்த்திப் பேசினான். யாரையோ மாடியில் இருந்து கூப்பிடுகிற மாதிரி சாதாரணமாக. “ஆக்னஸு, உன் ஒறவுக்காரங்க வந்துருக்காங்க பாரு. ஜெயில்ல எங்க அண்ணனை வரிசைல நிக்க வச்சி கை நீட்டி ஆளைக் காட்டினல்ல? இப்ப உன்னை ஒண்ணு காட்டுது. எழுந்து வா. பேசத்தான் வந்தோம்.”

செருப்பு ஜல்லியில் நசுங்கும் சத்தம் நெருங்கியது.

“பேசத்தான்னா அந்தப் பேப்பர்ல இன்னா சுத்தி வச்சிருக்க?” என்று யூஜின் கேட்டான்.

“பேசறதுக்குத்தான்.”

“இல்ல வினோத், நீ பைக்ல வர்றப்ப சொன்னது வேற.”

“நீ மூடிகினு தேடு.”

ஆக்னஸ் கன்னத்தைத் தரையோடு வைத்திருந்தாள். ஓடலாமா என்று உடம்பு கேட்டுக்கொண்டே இருந்தது. கால்கள் தாமாகவே மடங்கின. அப்போது அவள் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி, பள்ளத்தின் விளிம்பில், ஜல்லிக்கு நடுவே ஒரு கல் கண்ணைத் திறந்து மூடியது.

அது கல் இல்லை. குஞ்சு. பொரிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும், இறகு இன்னும் ஈரம் காயாமல் முள்ளுமுள்ளாக நின்றது. கழுத்தை நீட்டித் தரையில் ஒட்டிக்கொண்டு படுத்திருந்தது. அதை ஒட்டி மூன்று முட்டைகள், கூர்முனைகள் உள்பக்கம் திரும்பியிருக்க, மண் நிறத்தில் கறுப்புத் திட்டுகளோடு. கூடு என்று எதுவும் இல்லை, நாலு கற்களை ஒதுக்கிச் செய்த குழி மட்டும். எட்டிக் கையை ஊன்றியிருந்தால் நசுக்கியிருப்பாள்.

குஞ்சின் முதுகில் ஒரு கட்டெறும்பு ஏறியது. கழுத்து வழியாக நடந்து கண்ணுக்குப் பக்கத்தில் போய் நின்றது. குஞ்சு அசையவில்லை. வானத்தில் அம்மாவும் அப்பாவும் கத்திக்கொண்டிருக்கிற வரைக்கும் அது கல்தான். அதற்கு வேறு எதுவும் தெரியாது, ஓடவும் தெரியாது, கொத்தவும் தெரியாது. ஆனால் தான் இருக்கிற இடத்தில் தான் இல்லை என்று ஆக்கிவிட அதற்குத் தெரிந்திருந்தது.

ஆக்னஸ் மடங்கியிருந்த கால்களை மெல்லத் தளரவிட்டாள். அவள் கையிலும் எறும்பு ஏறியது. ஏறட்டும்.

வினோத் இன்னும் பத்தடி வைத்தால் பள்ளத்துக்கு வந்துவிடுவான். அவன் நிழல் ஜல்லி மேட்டின் மேல் விழுந்ததை அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். அப்போது கத்தல் இடம் மாறியது.

இவ்வளவு நேரமும் அவள் மேல் சுற்றிய பறவைகளுக்கு இப்போது நடந்து வரும் ஆள்தான் பெரிதாகத் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று அவனுக்கு முன்னால் இறங்கியது. தலையைத் தாழ்த்திக்கொண்டு திருட்டுத்தனமாக ஓடியது. இருபது முப்பதடி தள்ளி, வெறும் தரையில், இறகை உப்பி முட்டையின் மேல் உட்காருகிற மாதிரி மெதுவாக உட்கார்ந்தது. இப்படியும் அப்படியும் அசைந்து வயிற்றுக்கு அடியில் எதையோ சரிசெய்துகொண்டது. அங்கே எதுவும் இல்லை. முட்டைகள் இங்கே ஆக்னஸின் கண்ணுக்கு முன்னால் வெயிலில் கிடந்தன.

அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தபோது சிரிப்பு வரப் பார்த்தது. இந்தப் பறவைக்குப் பெயர் வைத்தவர்கள் எல்லோரும் அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு தப்பான பக்கம் நடந்து போனவர்கள். அது எதையும் காட்டுவதில்லை. இல்லாத இடத்தைத்தான் காட்டுகிறது.

“அந்தாண்ட உக்காந்துச்சி பாரு,” என்றான் வினோத். “பொதர் பக்கம்.” நிழல் ஜல்லி மேட்டை விட்டு இறங்கியது.

அவன் கிட்டே போகும் வரை பறவை உட்கார்ந்திருந்தது. கடைசி நிமிஷத்தில் எழுந்து, ஒரு இறக்கையைத் தரையில் இழுத்துக்கொண்டு, ஒடிந்துபோன மாதிரி நொண்டியபடி புதரைத் தாண்டி ஓடியது. மறுபடி அலறியது. வினோத் புதரைக் காலால் விலக்கிப் பார்த்தான், கெட்ட வார்த்தை சொன்னான். “யூஜினு, நீ அங்கியே நில்லு. எவளாச்சும் எழுந்து ஓடினா சவுண்டு குடு.”

யூஜின் நின்றான். அவனை மற்றப் பறவை விடவில்லை. நேராக அவன் முகத்தைப் பார்த்துக் கீழிறங்கி, கடைசியில் விலகி, சுற்றிவந்து மறுபடி இறங்கியது. யூஜின் இரண்டு கைகளையும் தலைமேல் வைத்துக்கொண்டு பின்னால் நடந்தான். பின்னால் நடந்து நடந்து பள்ளத்தின் விளிம்புக்கே வந்துவிட்டான். அவன் வலது குதிகால் மேலே எழுந்தது. அது இறங்கினால் குஞ்சின் மேல் இறங்கும்.

ஆக்னஸ் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. கையை நீட்டி அந்தக் காலைத் தடுக்கலாம். நீட்டினால் முடிந்தது. நீட்டவில்லை. அதற்காகப் பிற்பாடு அவள் வெட்கப்பட்டாள். ஆனால் அந்த நேரத்தில் அவளும் ஒரு கல்லாகத்தான் இருந்தாள், கல்லுக்கு யார் மேலும் இரக்கம் இல்லை.

யூஜின் எதனாலோ திரும்பிக் கீழே பார்த்தான். கால் அந்தரத்தில் நின்றது. குஞ்சைப் பார்த்தான். முட்டைகளைப் பார்த்தான். பிறகு அதற்கு அடுத்து மண்ணில் கிடந்த ஐந்து விரல்களைப் பார்த்தான். விரல்களில் இருந்து கை, கையிலிருந்து முகம்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவன் மேலுதட்டில் வேர்வை பூத்திருந்தது. அவள் அவனிடம் எதையும் கேட்கவில்லை. கெஞ்சுகிற முகம் அவளுக்கு வரவில்லை. மண் ஒட்டிய கன்னத்தோடு வெறுமனே பார்த்தாள்.

“இன்னாடா அங்க?” என்று வினோத் தூரத்திலிருந்து கேட்டான்.

யூஜின் காலை விலக்கி வேறு இடத்தில் வைத்தான்.

“ஒண்ணுமில்ல,” என்றான். குரல் உடைந்தது. தொண்டையைச் செருமினான். “முட்டை. குருவி முட்டை வச்சிருக்கு.”

“முட்டைய ஆம்லெட் போட்டுத் துன்னு. ஆளு கீறாளா?”

யூஜின் மேலுதட்டு வேர்வையைப் புறங்கையால் துடைத்தான். ஆக்னஸ் தன் காதுக்குள் ரத்தம் ஓடுவதைக் கேட்டாள்.

யூஜின் கையை நீட்டினான். காம்பவுண்டு சுவர் இருந்த பக்கம், நிலத்தின் மறு எல்லைக்கு. “அந்தச் செவுத்துக்குப் பின்னாடி ஆரஞ்சா ஏதோ தெரிஞ்ச மாதிரி இருந்துச்சி.”

“நல்லா பாத்தியா?”

“பாத்தேன்.”

“மாதிரின்றே.”

“பாத்தேன்டா. துப்பட்டாதான்.”

நொண்டிப் பறவை அதே பக்கம்தான் போய் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தது. வினோத் ஒரு கணம் யோசித்தான். பிறகு பேப்பர் சுற்றியதைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு சுவரை நோக்கி வேகமாக நடந்தான்.

யூஜின் குனியவில்லை. அவளைப் பார்க்கவும் இல்லை. சுவரைப் பார்த்தபடியே உதடு அசையாமல் பேசினான். “கத்தி எடுத்துகினு வருவான்னு தெரியாதுக்கா. சத்தியமா. மெரட்டி உட்டுரலாம்னுதான் சொன்னான்.”

மிரட்டிவிட்டால் மட்டும் சரியா என்று அவள் கேட்டிருக்கலாம். அதற்கு இப்போது மூச்சு இல்லை. யூஜின் இரண்டு அடி தள்ளிப் போய் அவளுக்கும் சுவருக்கும் நடுவில் முதுகைக் காட்டி நின்றுகொண்டான்.

பள்ளம் சாலைப் பக்கம் ஓடியது. அவள் முழங்கையால் நகர்ந்தாள். ஜல்லி முழங்கையைக் கிழித்தது. தோளில் மாட்டியிருந்த பையை விட்டுவிட்டாள், செருப்பை விட்டுவிட்டாள். ஆனால் பள்ளம் சாலை வரைக்கும் போகவில்லை. ஒரு பஸ் நீளத்துக்கு முன்னாலேயே முடிந்து, அதற்கு மேல் வெட்டவெளி.

தலையைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தாள். திருப்பெரும்புதூர் பக்கமிருந்து ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது. முன்பக்கம் ரோஸ் நிறம் பூசிய சாதா பஸ். அதில் பெண்களுக்கு இலவசம். கையில் ஒன்றுமில்லாமல் ஏறலாம்.

எழுந்து ஓடினாள்.

அவள் எழுந்த அந்த நொடியில் பறவைகள் இரண்டும் யூஜினை விட்டு, சுவரை விட்டு, அவள் மேல் திரும்பின. இதுவரை கேட்காத உக்கிரத்தோடு கத்தின. வினோத் திரும்பிப் பார்த்திருப்பான். அவள் பார்க்கவில்லை. “டேய்” என்ற குரல் மட்டும் கேட்டது, அது அவளுக்கா யூஜினுக்கா என்று தெரியவில்லை. வெறும் காலில் ஜல்லி, பிறகு சூடான தார். நிறுத்தம்வரைக்கும் போக நேரமில்லை. சாலையில் இறங்கிக் கைகளை விரித்து நின்றாள்.

பஸ் அலறிக்கொண்டு நின்றது. “சாவறதுக்கு என் வண்டிதான் கெடைச்சிதா?” என்றார் டிரைவர். அவள் பின்பக்கப் படியில் ஏறிவிட்டாள். கண்டக்டர் விசிலை ஊதிவிட்டு அவளை மேலும் கீழும் பார்த்தார். முட்டியெல்லாம் மண், முழங்கையில் ரத்தம், காலில் செருப்பில்லை.

பின் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். யூஜின் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தான், பறவைகள் மறுபடி அவன் தலையைச் சுற்றின. வினோத் பைக்கை நோக்கி ஓடினான். கொஞ்ச நேரத்தில் பைக் மண் ரோட்டிலிருந்து சாலைக்கு ஏறியது. பின்னால் யாரும் இல்லை, அவன் மட்டும். ஒரு கையால் ஓட்டினான். இன்னொரு கை சட்டைக்குள் இருந்தது.

பஸ்ஸில் பாதி இருக்கைகள் காலியாக இருந்தன. ஆக்னஸுக்கு உட்கார வேண்டும் போலிருந்தது. கடைசி சீட்டின் மூலையில் உட்கார்ந்து, துப்பட்டாவைத் தலைக்குப் போட்டு, முகத்தைக் கவிழ்த்துக்கொண்டால் யாரோ ஒருத்தியாக இருந்துவிடலாம். பள்ளத்தில் அது பலித்தது. ஆனால் இங்கே அவன் அவள் ஏறியதைப் பார்த்துவிட்டான். ஒளிந்திருப்பதால் பயன் இல்லை. திருமழிசை வருவதற்குள் எங்காவது வண்டி நிற்கும்போது அவன் ஏறுவான், பக்கத்தில் வந்து உட்காருவான், யாரும் எதையும் பார்த்திருக்க மாட்டார்கள்.

கம்பியைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றாள்.

“எல்லாரும் கொஞ்சம் கேளுங்க,” என்றாள். யாரும் கேட்கவில்லை. அவள் குரல் அவ்வளவுதான் வந்திருந்தது. மறுபடி, வயிற்றிலிருந்து சொன்னாள். “என் பேரு ஆக்னஸ். கோவில்பதாகை. ஒரு கொலை கேஸ்ல சாட்சி சொல்ல பூந்தமல்லி கோர்ட்டுக்குப் போயிட்டிருக்கேன். பின்னாடி பைக்ல வர்றவன் என்னைக் கொல்ல வர்றான். கத்தி வச்சிருக்கான். பேரு வினோத். திருமழிசைல எனக்காக ஒரு லேடி போலீஸ் ஏறுவாங்க.”

காதில் ஒயர் மாட்டியிருந்த ஒரு ஆள் அதைக் கழற்றிவிட்டு, “இதெல்லாம் நமக்கெதுக்குங்க, போலீஸ்ல சொல்லுங்க,” என்றார்.

“நீ ஒயரை மாட்டிக்கோ நைனா, உனக்கு எதுக்கு?” என்றாள் கீரைக்கட்டுகளைக் காலுக்கு நடுவில் வைத்திருந்த ஒரு பெண். ஐம்பது வயதிருக்கும். எழுந்து ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். “எவன், அந்தப் பச்சை சொக்காவா? ஆமா, ஒரு கைய உள்ள உட்டுகினு வர்றான். யாராச்சும் வண்டி நம்பரைப் படிங்கப்பா, எனக்குக் கண்ணு தெரியல.”

முதலில் ஒரு காலேஜ் பெண் படித்தாள். பிறகு பின் சீட்டில் இருந்தவர்கள் சேர்ந்து படித்தார்கள். ஒருவர் எழுத்தை மாற்றிச் சொன்னார், மற்றவர்கள் அவரைத் திருத்தினார்கள். இன்னொருத்தி போனைக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்துப் படம் எடுத்தாள். கீரைக்காரப் பெண் ஜன்னலில் இருந்தபடியே அந்த நம்பரை அவனுக்குக் கேட்கிற மாதிரி திருப்பித் திருப்பிச் சொன்னாள். “வினோத்து, உன்னைத்தாண்டா. மூஞ்சை நல்லா காட்டு, படம் எடுக்கறாங்க.” நாலைந்து தலைகள் ஜன்னல் வழியாக வெளியே வந்துவிட்டன. எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள், யார் என்ன சொல்கிறார்கள் என்று தெரியவில்லை. சாலையில் போன மற்ற வண்டிக்காரர்களும் பைக்கைத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

பைக் வேகம் குறைந்தது. கொஞ்ச தூரம் ஒரு லாரிக்குப் பின்னால் ஒளிந்து வந்தது. லாரி திரும்பியதும் மறுபடி தெரிந்தது. மறுபடி கத்தினார்கள். அடுத்த வளைவில் அவன் வண்டியை ஓரமாக நிறுத்தி, ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டான். பிறகு எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு போனான்.

“போய்ட்டான்,” என்றாள் காலேஜ் பெண்.

“போவான். வருவான்,” என்றார் கண்டக்டர். விசிலை இரண்டு முறை ஊதிவிட்டு முன்பக்கம் குரல் கொடுத்தார். “அண்ணாத்தே, திருமழிசைல ஏத்தற எடத்துல மட்டும் நில்லு. ஒரு லேடி போலீஸ் ஏறுவாங்களாம். அதுக்கப்புறம் கோர்ட்டு வாசல்தான்.”

ஆக்னஸ் அப்போதுதான் கம்பியை விட்டாள். கீரைக்காரப் பெண் அவளைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்தாள். கீரைக்கட்டை ஒதுக்கி அவள் வெறுங்கால்களுக்கு இடம் செய்து கொடுத்தாள். தன் பெயர் பார்வதம் என்றாள், மார்க்கெட்டில் கேட்டால் யாரும் சொல்வார்கள் என்றாள். ஆக்னஸ் அவளிடம் போனை வாங்கி அப்பாவுக்குப் பேசினாள். பேசும்போது குரல் பாதிதான் வந்தது. இவ்வளவு சத்தமாக அவள் வாழ்க்கையில் பேசியதில்லை.

“தண்ணி இருக்கா?” என்று கேட்டாள்.

பார்வதம் கூடைக்குள் கைவிட்டு ஒரு பழைய ஜூஸ் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகிக் கொடுத்தாள். “மொத்தமும் குடி,” என்றாள். “அங்க போய் ஜட்ஜு கேக்கறப்ப தொண்டை அடைச்சிகினா அந்தக் கொலகாரன் பொழைச்சிக்குவான்.”

ஆக்னஸ் குடித்தாள். தண்ணீரில் கொத்தமல்லி வாசனை அடித்தது. பாதியில் நிறுத்தி, மனதுக்குள் முதல் வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தாள். அன்றைக்கு நான் கடையில் மாத்திரை வெட்டிக்கொண்டிருந்தேன். அது சரியாக வந்தது. அடுத்ததைச் சொல்லிப் பார்க்க மிச்சத் தண்ணீரையும் குடித்தாள்.